முக்காற்புள்ளியும் தகரப்பெட்டியும்

சென்ற மாதம் தாராவியிலுள்ள உறவினர் ஒருவர் சயானில் என் வீட்டுக்கு வந்து தம் கைபேசியை நீட்டினார். தாத்தா நெல்லையிலிருந்து கொண்டுவந்த தகரப்பெட்டியில் சேர்ந்திருந்த தாள்கள் யாவும் அதில் படங்களாக இருந்தன; தேடினால் எதுவும் அகப்படவில்லை. மறுசீரமைப்பில் தாராவிக்குள்ளேயே இலவச வீடு பெற, தரைத்தளக் குடியிருப்பு 1.1.2000 அன்றோ அதற்கு முன்போ இருந்தமைக்குச் சான்று வேண்டும். தாத்தா பெயரிலுள்ள பழைய மின்கட்டண ரசீதை எந்தக் கோப்புறையில் தேடுவது? 'தாத்தா'விலா, 'மின்சார'த்திலா, '1998'இலா?

ஏறத்தாழ இதே வினா ஒரு நூற்றாண்டுக்கு முன், சீர்காழியில் பிறந்த கணித ஆசிரியர் ஒருவரை வருத்தியது. 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன் பயிற்சிக்காக இலண்டன் சென்றார். டூயியின் பகுப்பு, முன்கூட்டியே கட்டிவைத்த அறைகளில் நூல்களை அடைப்பதாக அவருக்குத் தோன்றியது. அங்கே ஒரு கடையில் மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருளைக் கண்டபோது வழி புலப்பட்டது: சில துண்டுகளும் திருகாணிகளும் இருந்தால் வேண்டிய உருவை வேண்டியபோது பூட்டிக்கொள்ளலாம். 1933இல் வெளிவந்த அவருடைய பகுப்பில் முக்காற்புள்ளியே திருகாணி. நூல் பேசுவதைக் கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் குறியிட்டு, அப்புள்ளியால் இணைத்தார். பின்னாளில் அக்கூறுகளை ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம் என ஐவகைப்படுத்தினார். (நன்னூலார் பெயர்ச்சொல்லைப் பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் எனப் பகுத்தது எனக்கு நினைவுக்கு வருகிறது, தொடர்பு உண்டென வாதிடவில்லை.)

தனியொருவரின் நூல்களுக்கும் கடிதங்களுக்குமான 'மெமெக்ஸ்' என்னும் மேசையை வன்னேவர் புஷ் 1945இல் கற்பனை செய்தார். நம் கணினிகளுக்கு வாய்த்ததோ அலுவலக அலமாரியின் நகல். அச்சு நூல் ஓரிடத்தில்தான் நிற்க முடியும் என்பது ரங்கநாதனுக்கிருந்த தளை. படக்கோப்புக்கு அது இல்லை.

எங்களுக்கு மிகுந்த இடர் தந்தது மொழிதான். தாத்தாவின் பெயர் குடும்ப அட்டையில் மராத்தியிலும், ரசீதில் ஆங்கிலத்திலும், ஊர்ப் பள்ளிச் சான்றில் தமிழிலும் உள்ளது. ஒன்றின் எழுத்துக்கூட்டல் மற்றொன்றோடு ஒத்துவரவில்லை. பெயரை வைத்துத் தேடினால் மூன்று மனிதர்கள். ரங்கநாதன் சொற்களை விடுத்துக் குறிகளை நாடியதன் பயன் அப்போதுதான் விளங்கியது. படங்களைக் கணினிக்கு மாற்றினோம். தாத்தாவுக்கு 1, பாட்டிக்கு 2. ஆவண வகைக்கு ஓர் எழுத்து. பின்னர் இடம், ஆண்டு. விண்டோஸ் கோப்புப் பெயரில் முக்காற்புள்ளியை ஏற்பதில்லை, சிறுகோடு இட்டோம்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன. 2000க்கு முற்பட்டவையாக 11 தாள்கள் கிடைத்தன. வேறு இரண்டில் ஆண்டு இருந்த இடத்தைக் கறையான் அரித்திருந்தது. அவற்றின் காலக் கூற்றை வெறுமையாக விட்டிருக்கிறோம்.