ஓர் எழுத்தைத் திருத்த மூன்று வாரம்: வலையின் இரண்டு காலக்கணக்குகள்

சற்று நீண்ட பதிவு. வரலாறு பயிலும் மாணவர்களுக்கும், பகலில் நிரல் எழுதி இரவில் ஆய்வேடு எழுதும் நண்பர்களுக்கும் பயன்படக்கூடும் என்பதால் இங்கே இடுகிறேன்.

ஆய்வுக்கு வருமுன் பெங்களூரில் நான்காண்டுகள் ஃபிரன்ட்எண்ட் டெவலப்பராக வேலை பார்த்தவன் நான். இதை அறிந்த பேராசிரியர் ஒருவர் சென்ற ஆண்டு ஓர் உதவி கேட்டார். செகந்திராபாத்தில் ஓய்வுபெற்ற ரயில்வே தொழிலாளர்களின் வாய்மொழி வரலாற்றைப் பதிவுசெய்து, ஆய்வு நிறுவனம் ஒன்று 2017இல் ஓர் இணைய ஆவணக்காப்பகத்தை உருவாக்கியிருந்தது. அதில் பேசியிருக்கும் தமிழ்த் தொழிலாளி ஒருவரின் பெயரில் 'ல' வரவேண்டிய இடத்தில் 'ள' வந்துவிட்டது. அவருடைய மகள் கடிதம் எழுதியிருந்தார். அப்பா கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டதே வேலையில் சேர்ந்த பிறகுதான். அந்தப் பெயரையாவது பிழையில்லாமல் போடுங்கள் என்பதே அவர் வேண்டுகோள். ஓர் எழுத்துத்தானே, பத்து நிமிட வேலை என்று எண்ணி ஒப்புக்கொண்டேன். மூன்று வாரங்கள் ஆயின.

நேர்ந்தது இதுதான். அத்தளம் ரியாக்டில் எழுதப்பட்டது. அதன் மூலநிரல் உலாவிக்கு நேரடியாகப் புரியாது. பில்ட் என்னும் ஒரு படிநிலையைக் கடந்து, உலாவி படிக்கும் கோப்புகளாக மாறவேண்டும். அந்தப் படிநிலைக்குத் தேவையான பொதிகளை நிறுவ முயன்றபோது முதலில் நின்றது நோட்-சாஸ். அதைக் கணினியிலேயே தொகுக்கப் பைத்தான் 2 வேண்டும் என்றது. பைத்தான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதை ஒருவாறு கடந்தால் அடுத்தது வெப்பேக். 2021 அக்டோபரில் வந்த நோட் 17, ஓப்பன்எஸ்எஸ்எல்லின் மூன்றாம் பதிப்புக்கு மாறியது. பழைய வெப்பேக் பயன்படுத்திய எம்டி4 என்னும் கணிப்புமுறையை அந்தப் பதிப்பு இயல்பாக ஏற்பதில்லை. சரி, பழைய நோடையே நிறுவிவிடலாம் என்றால், ஆப்பிளின் புதிய சில்லு பொருந்திய என் மடிக்கணினிக்கென அந்தப் பழைய நோடின் ஆயத்தப் பதிப்பு வெளியிடப்படவே இல்லை. ஒவ்வொரு தடைக்கும் மாற்றுவழி உண்டு என்பது டெவலப்பர் நண்பர்களுக்குத் தெரியும். ஒரு மாற்றுவழி இன்னொரு தடையைத் திறந்துவிடும் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

அந்த வாரத்தில் ஒருநாள் சலிப்பில், உலகின் முதல் வலைத்தளத்தைத் திறந்து பார்த்தேன். டிம் பெர்னர்ஸ்-லீ ஜெனீவா அருகே சேர்ன் ஆய்வகத்தில் உருவாக்கியது. அதன் 1992ஆம் ஆண்டுப் படியை, மூல முகவரியிலேயே 2013இல் சேர்ன் மீட்டுவைத்தது. என் உலாவியில் கணப்பொழுதில் திறந்தது. சுட்டிகள் வேலை செய்தன. ஒரே கணினியில், முப்பதாண்டுப் பழமையான பக்கத்தைப் படிக்க முடிகிறது. 2017இல் எழுதிய ஒன்றைத் திருத்த முடியவில்லை. வரலாற்று மாணவனாக என்னை உறுத்திய கேள்வி இங்கேதான் தொடங்கியது.

பழைய பக்கம் இன்றும் திறப்பதற்குக் காரணங்கள் உள்ளன. தனக்குத் தெரியாத குறிச்சொல்லைக் கண்டால் உலாவி அதைப் புறக்கணித்துவிட்டு, உள்ளிருக்கும் உரையைக் காட்டவேண்டும் என்பது தொடக்கத்திலேயே வகுக்கப்பட்ட நெறி. 1993 ஏப்ரல் 30 அன்று சேர்ன் வலையின் மென்பொருளைப் பொதுவுடைமையாக அறிவித்தது. எவரும் கட்டணமின்றி உலாவி எழுதலாம் என்றாயிற்று. இவற்றினும் மேலாக, ஏற்கெனவே இருக்கும் தளங்களை உடைக்கக்கூடாது என்னும் எழுதப்படாத சட்டம் ஒன்று மெல்ல உருவாகி வலுப்பெற்றது.

அந்தச் சட்டத்தின் இறுக்கத்துக்கு இரண்டு சான்றுகள். பிரெண்டன் ஐக் 1995 மே மாதத்தில் பத்தே நாட்களில் நெட்ஸ்கேப் நிறுவனத்துக்காக எழுதியது ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவம். அவசரத்தில் விழுந்த பிழைகளுள் ஒன்று, 'நல்' என்னும் வெற்று மதிப்பின் வகையைக் கேட்டால் அது 'ஆப்ஜெக்ட்' என்று விடை தருவது. பிழை என்று அனைவரும் ஒப்புக்கொண்டார்கள். திருத்தும் முன்மொழிவும் வந்தது. பிழையை நம்பி எழுதப்பட்ட தளங்கள் உடையும் என்பதால் அது கைவிடப்பட்டது. மற்றொன்று 2018இல் நடந்தது. ஜாவாஸ்கிரிப்டில் 'ஃபிளாட்டன்' என்றொரு செயல்கூறைச் சேர்க்க முனைந்தபோது, மூடூல்ஸ் என்னும் பழைய நிரலகத்தைப் பயன்படுத்தும் தளங்கள் பழுதாவது தெரியவந்தது. மூடூல்ஸை அப்போது புதிதாக எடுத்தாள்வோர் அநேகமாக இல்லை. ஆயினும், யாரும் பராமரிக்காத அந்தப் பழைய தளங்களுக்காகப் புதிய செயல்கூறின் பெயர் 'ஃபிளாட்' என மாற்றப்பட்டது. ஆவணக்காப்பாளர்கள் பொறாமைப்படவேண்டிய ஒழுக்கம் இது.

ஆக, உலாவி ஒரு காலக்கணக்கில் இயங்குகிறது. எதையும் கைவிடாத மிக மெதுவான கணக்கு அது. டெவலப்பரின் மேசையோ வேறொரு கணக்கில் இயங்குகிறது. அவர் கைக்கருவிகள் நான்கைந்து ஆண்டுகளில் மூப்படைந்துவிடுகின்றன. இன்றைய ஃபிரன்ட்எண்ட் டெவலப்பர்களின் சலிப்பைப் பற்றிய பேச்செல்லாம் பெரும்பாலும் புதியவை பெருகும் வேகத்தைக் குறைகூறுகின்றன. வேகம் மட்டுமே சிக்கல் என்று எனக்குத் தோன்றவில்லை. இவ்விரு கணக்குகளுக்கும் இடையே ஒருவர் தம் உழைப்பால் பாலமிட்டுக்கொண்டே இருக்கவேண்டியிருக்கிறது. களைப்பு அங்கிருந்துதான் வருகிறது.

அதற்காக, பழைய காலம் பொற்காலம் என்போரோடு நான் சேரமாட்டேன். இந்தக் கருவிகள் வீண் ஆடம்பரத்தில் பிறந்தவை அல்ல. 2001 ஆகஸ்டில் வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6க்கு அடுத்த பதிப்பு வெளிவந்தது 2006 அக்டோபரில். போட்டியாளரை வீழ்த்தியபின் அந்நிறுவனத்துக்கு உலாவியை மேம்படுத்தும் அவசரம் இருக்கவில்லை. அதே ஐந்தாண்டுகளில்தான் ஜிமெயிலும் கூகுள் மேப்ஸும் வந்து, பக்கத்தை மீண்டும் ஏற்றாமலே சர்வரோடு பேசமுடியும் என்று உலகுக்குக் காட்டின. வாசிக்கும் ஆவணமாகப் பிறந்த வலையிடம் செயலியாக நடந்துகொள்ளும்படி கேட்டார்கள், உலாவியோ உறங்கிக்கிடந்தது. 2006இல் ஜான் ரெசிக் வெளியிட்ட ஜேக்வெரி அந்த இடைவெளியை நிரப்பியது. உலாவிக்கு உலாவி மாறுபட்ட நடத்தைகளைத் தன் வயிற்றில் மறைத்துக்கொண்டு, டெவலப்பருக்கு ஒரே முகத்தைக் காட்டியது. அக்காலத்தில் வேலை செய்த எவரும் அதை நன்றியோடுதான் நினைவுகூர்வர்.

காத்திருக்க முடியாதவர்கள் இடையில் ஓர் அடுக்கைக் கட்டினார்கள். பிறகு அடுக்கின்மேல் அடுக்கு. 2009இல் நோட் வந்தது. ஜாவாஸ்கிரிப்ட் உலாவியைவிட்டு வெளியேறிக் கணினியில் நேரடியாக ஓடியது. 2010இல் என்பிஎம் வந்தபின், பிறர் எழுதிய நிரலை ஒரே கட்டளையில் தம் வேலைக்குள் இழுத்துக்கொள்வது வழக்கமாயிற்று. கிரண்ட், கல்ப், பவர், பேபல், வெப்பேக் என்று பெயர்கள் வரிசையாக வந்தன. இவற்றுள் சிலவற்றைக் கற்று முடிப்பதற்குள் அவை வழக்கொழிந்ததை நானே கண்டேன். 2014 அக்டோபரில், ஆங்குலரின் இரண்டாம் பதிப்பு முதல் பதிப்போடு ஒத்துப்போகாது என்று அறிவிக்கப்பட்டபோது, அதை நம்பித் தளங்கள் கட்டியோர் திகைத்துப்போனார்கள். உலாவி வகுத்தவர்கள் கைவிடப்பட்ட ஒரு நிரலகத்துக்காகப் பெயரையே மாற்றினார்கள் என்பதை இதன் அருகே வைத்துப் பாருங்கள்.

2016 மார்ச் 22 அன்று நடந்ததைப் பலரும் அறிவர். பொதி ஒன்றின் பெயர் குறித்து எழுந்த தகராறில், நிரலாளர் ஒருவர் தம் பொதிகள் அனைத்தையும் என்பிஎம்மிலிருந்து நீக்கினார். அவற்றுள் ஒன்று லெஃப்ட்-பேட்: ஒரு சொல்லின் இடப்பக்கம் வெற்றிடம் நிரப்பும் 11 வரி நிரல். அதை நேரடியாகக் கேள்விப்பட்டிராத எண்ணற்ற தளங்களின் பில்ட் உலகெங்கும் நின்றுபோயிற்று. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் அது மீட்டுவைக்கப்பட்டது. நகைச்சுவையாகவே இன்றும் சொல்லப்படும் இந்நிகழ்ச்சியில், அன்று திறந்திருந்த தளங்கள் எவையும் மூடிக்கொள்ளவில்லை என்பது கவனத்துக்குரியது. வாசகருக்கு ஒன்றும் ஆகவில்லை. திருத்த முனைந்தவர்கள்தாம் திருத்த இயலாமல் நின்றார்கள்.

பெரிய நிறுவனங்களுக்கு இது தாங்கக்கூடிய சுமை. கருவிகளைப் புதுப்பிப்பதையே வேலையாகக் கொண்ட ஊதியக் குழுக்கள் அவற்றிடம் உண்டு. இக்கருவிகள் பலவும் அத்தகைய நிறுவனங்களில் பிறந்தவையே. நம் மானுடவியல், வரலாற்றுத் துறைகளின் நிதி அவ்வாறு வருவதில்லை. இரண்டு அல்லது மூன்று ஆண்டுத் திட்டம். தொடக்க விழாவில் தளம் திறக்கப்படும். அதை எழுதிய இளைஞர் அடுத்த வேலைக்குப் போய்விடுவார். நிரந்தர ஊழியர் இருப்பார் என்று எண்ணி உருவாக்கப்பட்ட கருவியை, நிரந்தர ஊழியர் இருக்கவே முடியாத இடத்தில் நாம் பயன்படுத்துகிறோம். குற்றம் ரியாக்டுடையது என்று சொல்லமாட்டேன். அதைத் தேர்ந்தெடுத்த கூட்டத்தில், ஏழாண்டு கழித்து இதை யார் திருத்துவார் என்று ஒருவரும் கேட்டிருக்க மாட்டார். நான் வேலையில் இருந்தபோது நானும் கேட்டதில்லை.

நம் மொழிகளுக்கு இந்த அனுபவம் ஒருமுறை நேர்ந்திருக்கிறது என்பதுதான் விந்தை. ஒருங்குறியின் முதல் பதிப்பிலேயே, 1991இல், தமிழ் உட்பட இந்திய எழுத்துகள் பல இடம்பெற்றுவிட்டன. ஆனால் விண்டோஸில் தமிழுக்கு ஒருங்குறி ஆதரவு வந்தது விண்டோஸ் 2000இல்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் இந்திய மொழி இதழ்கள் வலைக்கு வந்துவிட்டன. அவையும் காத்திருக்க முடியாமல் ஓர் அடுக்கைக் கட்டிக்கொண்டன. ஆளுக்கொரு குறியேற்றம், அதற்கேற்ற எழுத்துரு. பக்கத்தோடு எழுத்துருவைத் தானே இறக்கித்தரும் நுட்பத்திலும் நெட்ஸ்கேப்புக்கு ஒரு வடிவம், இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு வேறொரு வடிவம். கோப்பில் உண்மையில் இருந்தவை ஐரோப்பிய எழுத்துகளுக்குரிய எண்கள். எழுத்துரு அவற்றுக்கு இந்திய எழுத்தின் வேடமிட்டது.

அக்காலத்துச் செய்தித்தளங்களின் படிகளை இன்று வேபேக் மெஷினில் திறந்து பாருங்கள். எழுத்துரு கிடைக்காத இடங்களில் புள்ளியிட்ட, கொக்கியிட்ட லத்தீன் எழுத்துகளின் குவியல்தான் தெரியும். பக்கம் அழியவில்லை, படிக்க முடியவில்லை. தொண்ணூறுகளின் இறுதியைப் பற்றி ஆய்வுசெய்யும் மாணவருக்கு இது இழப்பு என்று விளக்கத் தேவையில்லை. மாறாக, 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் நூல்கள் பிழைத்தன. தன்னார்வலர்கள் கூடி வகுத்துப் பொதுவில் வெளியிட்ட டிஸ்கி குறியேற்றத்தில் அவை இருந்ததால், எந்த எண் எந்த எழுத்து என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது; ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்ள முடிந்தது.

இடையடுக்குகள் எல்லாமே வீணாகிவிடுவதில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஜேக்வெரி பரப்பிய தேர்ந்தெடுப்பு முறை பின்னர் உலாவியின் இயல்பான வசதியாயிற்று. எனக்கு முதல் தடையாக நின்ற சாஸ், அந்த ஆவணக்காப்பகத்தில் இரண்டு வேலைகளுக்கே பயன்பட்டிருந்தது: வண்ணங்களுக்குப் பெயர் வைப்பது, விதிகளை ஒன்றுக்குள் ஒன்று அடுக்குவது. முதலாவதை உலாவிகள் பல ஆண்டுகளாகத் தாமே செய்கின்றன. இரண்டாவது 2023இல் முக்கிய உலாவிகள் அனைத்திலும் வந்துவிட்டது. 2017இல் அக்கருவி இல்லாமல் முடிந்திருக்காது என்று சொல்லவும் மனம் வரவில்லை. அது இருந்ததால் இன்று முடியவில்லை என்பதையும் மறுக்க இயலவில்லை.

மூன்றாம் வாரத்தில் பில்டைக் கைவிட்டேன். சர்வரில் ஏற்கெனவே இருந்த, சுருக்கித் தொகுக்கப்பட்ட கோப்பைத் தரவிறக்கி, ஒரே வரியாய் நீண்டுகிடந்த நிரலுக்குள் அந்தப் பெயரைத் தேடி, 'ள'வை 'ல'வாக்கி மீண்டும் ஏற்றினேன். பெயர் இப்போது சரியாக இருக்கிறது. மூலநிரலில் பிழை அப்படியே உள்ளது. என்றேனும் எவரேனும் அத்தளத்தை வெற்றிகரமாக பில்ட் செய்தால் 'ள' திரும்பி வந்துவிடும். சுவடி படிப்பவர்களுக்கு இந்நிலை புதிதல்ல: படியைத் திருத்திவிட்டோம், தாய்ச்சுவடி பிழையோடு இருக்கிறது.

நிறுவனத்திடம் ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்திருக்கிறேன். உரையாடல்களின் எழுத்துவடிவம் முழுவதையும் எளிய எச்டிஎம்எல் பக்கங்களாக, எந்தக் கருவியும் இன்றி ஒரு சாதாரண உரைத்தொகுப்பியில் திறந்து திருத்தக்கூடிய வகையில், தனியே எடுத்து வைக்கச் சொன்னேன். விடுமுறையில் அதைச் செய்துதர இரண்டு முதுகலை மாணவர்கள் முன்வந்திருக்கிறார்கள். தெலுங்கு, உருது உரைகளை மெய்ப்புப் பார்க்க ஆள் வேண்டும். இயன்றவர்கள் உள்பெட்டியில் எழுதுங்கள்.