காகிதம் அணிந்த வீரர்கள்

சென்ற ஆண்டு எங்கள் கல்லூரி ஆண்டு விழாவில் மாணவர்கள் ஒரு சரித்திர நாடகம் போட்டார்கள். அரசன் ஒருவன், தளபதி ஒருவன், சிப்பாய்கள் நால்வர். ஆக ஆறு கவசங்கள் தேவைப்பட்டன. நாடக உடைகளை வாடகைக்குத் தரும் கடையில் விசாரித்ததில், மாணவர் மன்றத்தின் கையிருப்பு இரண்டு கவசங்களுக்கே போதாது என்று தெரிந்தது. முன்பு ஒரு நாடகத்துக்கு டின் தகட்டை வெட்டிக் கவசம் செய்திருந்தார்கள். அதன் விளிம்பு ஒரு மாணவனின் முழங்கையைக் கிழித்துத் தையல் போடும்படி ஆகிவிட்டது. எனவே தகடும் வேண்டாம் என்றாயிற்று. "நீங்கள் இயற்பியல் ஆசிரியர்தானே, ஏதாவது வழி சொல்லுங்கள்" என்று பொறுப்பை என் தலையில் வைத்தார்கள். குளிர்சாதனப் பெட்டி வரும் அட்டைப் பெட்டிகளைக் கொண்டு செய்துவிடலாம் என்றேன்.

மாணவர்கள் சிரித்தார்கள். சிப்பாய் வேடம் ஏற்றிருந்த ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. "சார், ராஜாவுக்கு இரும்புக் கவசம் இருந்திருக்கும். காசில்லாத சிப்பாய் நிஜச் சண்டைக்கு எதைப் போட்டுக்கொண்டு போனான்?" என்று கேட்டான்.

அன்று என்னிடம் பதில் இல்லை. பிறகு நூல்களைப் புரட்டியபோது கிடைத்த பதில் என்னையே வியப்பில் ஆழ்த்தியது. உலகின் ஒரு பகுதியில், பல நூற்றாண்டுகள், வீரர்கள் உண்மையாகவே காகிதக் கவசம் அணிந்து போரிட்டிருக்கிறார்கள். அந்தப் பகுதி, காகிதம் பிறந்த சீனாவேதான்.

மரப்பட்டை தந்த நார்

காகிதம் என்றதும் நாம் இன்றைய செய்தித்தாளை நினைத்துக்கொள்கிறோம். அது மரக்கூழிலிருந்து செய்யப்படுவது; அதன் நார்கள் மிகக் குட்டையானவை. ஆகவே இழுத்தால் எளிதில் கிழிகிறது. பண்டைச் சீனக் காகிதம் அப்படிப்பட்டதன்று. கி.பி. 105-இல் அரண்மனை அதிகாரி சாய் லுன் காகிதம் செய்யும் முறையை அரசருக்கு அறிவித்தபோது, மரப்பட்டை, சணல், கந்தல் துணி, பழைய மீன்வலை ஆகியவற்றை மூலப்பொருள்களாகக் கொண்டார் என்று சீன வரலாறு கூறுகிறது. பின்னர் காகித மல்பெரி என்னும் மரத்தின் உட்பட்டை பெரிதும் பயன்பட்டது. இந்தப் பட்டையின் நார் நீளமானது, வலிமையானது. நார்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் இத்தகைய தாள் ஏறக்குறையத் துணியைப்போல் நடந்துகொள்கிறது. எழுதுவதற்கு மட்டுமின்றி, உடையாகவும், போர்வையாகவும், படுக்கைத் திரையாகவும் சீனர்கள் அதைப் பயன்படுத்தினார்கள். உடையாகும் பொருள் ஒருநாள் கவசமானதில் வியப்பில்லை.

அம்பு துளைக்காத மடிப்பு

காகிதக் கவசத்தைப் பற்றிய பழைய குறிப்புகளில் ஒன்று தாங் மரபினர் காலத்தைச் சேர்ந்தது. 9-ஆம் நூற்றாண்டில் ஹெசோங் என்னுமிடத்தில் ஆளுநராக இருந்த சூ ஷாங், எந்த நேரமும் புறப்பட ஆயத்தமான ஆயிரம் பேர் கொண்ட படை ஒன்றை அமைத்தார். அவர்களுக்குக் காகிதத்தை மடிப்பு மடிப்பாக அடுக்கிக் கவசம் செய்து கொடுத்தார். வலிமையான அம்பும் அதைத் துளைக்கவில்லை என்று தாங் மரபின் வரலாற்று நூல் சொல்கிறது. 'மடித்து' என்ற சொல்லை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கவசத்தின் இரகசியம் அதில்தான் இருக்கிறது.

வெண்கவசப் படை

ஆனால் என் மாணவனின் கேள்விக்கு நேரான பதில் சூ ஷாங்கிடம் இல்லை, அவர் ஆளுநர். பதில் அடுத்த நூற்றாண்டில் வருகிறது.

10-ஆம் நூற்றாண்டில் சீனா பல அரசுகளாகப் பிளவுபட்டிருந்தது. யாங்சி ஆற்றுக்கும் ஹுவாய் ஆற்றுக்கும் இடைப்பட்ட ஹுவாய்நான் பகுதி தெற்குத் தாங் அரசின் கையில் இருந்தது. அந்த அரசு தேயிலையையும் உப்பையும் குடிமக்கள் தலையில் கட்டிவிட்டு, அதற்கு ஈடாகத் தானியத்தையும் பட்டையும் கறந்தது. படைக்கான பண்ணைகள் என்ற பெயரில் விளைநிலங்களையும் எடுத்துக்கொண்டது. 955-இல் வடக்கிலிருந்து பிந்திய சௌ அரசின் படைகள் இப்பகுதிமீது படையெடுத்தன. குடிமக்கள் அவர்களை மீட்க வந்தவர்களாகவே எண்ணி, இறைச்சியும் மதுவும் கொண்டுபோய் எதிர்கொண்டழைத்தார்கள். வந்த தளபதிகளோ மக்களைப் பேணவில்லை, கொள்ளையில் இறங்கினார்கள்.

இரு புறமும் ஏமாந்த அந்த மக்கள் மலைகளிலும் சதுப்பு நிலங்களிலும் ஒன்றுகூடி அரண் அமைத்துக்கொண்டார்கள். அவர்களிடம் இரும்புக் கவசம் இல்லை. அதைச் செய்யக் கொல்லுலைகளும் இல்லை. உழவுக் கருவிகளையே ஆயுதமாக எடுத்தார்கள். காகிதத்தை அடுக்கடுக்காகச் சேர்த்துக் கவசம் செய்து அணிந்தார்கள். அக்காலத்தவர் அவர்களுக்கு 'வெண்கவசப் படை' என்று பெயரிட்டார்கள். அவர்களை அடக்கச் சென்ற சௌ படைகள் பலமுறை தோற்றுத் திரும்பின. 956-ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளில் ஒன்றாக இதைப் பதிவு செய்திருப்பவர், 1084-இல் தமது பெரிய வரலாற்று நூலை முடித்த சீமா குவாங். அவர் அரசவை அறிஞர். கலகக்காரர்களைப் புகழ வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. முடிவில் 958-இல் ஹுவாய்நான் சௌ அரசின் வசமாயிற்று. அந்த உழவர்களின் பெயர்கள் எவருக்கும் தெரியாது. அவர்கள் அணிந்த காகிதத்தின் நிறம் மட்டும் வரலாற்றில் நின்றுவிட்டது.

அரசாங்கமே கொடுத்த ஆணை

ஏழைகளின் இந்த ஏற்பாட்டை அரசாங்கமும் விரைவில் கைக்கொண்டது. சோங் மரபினர் காலத்தில், வடமேற்கு எல்லையில் மேற்கு சியா அரசோடு போர் மூண்டது. 1040-இல் பேரரசர் ஓர் ஆணை பிறப்பித்தார். தெற்கேயுள்ள ஜியாங்நான், ஹுவாய்நான் வட்டாரங்கள் 30,000 காகிதக் கவசங்களைச் செய்து, ஷான்சியில் நகர்க்காவல் புரியும் வில்லாளர்களுக்கு அனுப்ப வேண்டும் என்பது அந்த ஆணை. வெண்கவசப் படை தோன்றிய அதே ஹுவாய்நான் இப்போது அரசுக்கே காகிதக் கவசம் செய்து கொடுக்கிறது! முப்பதாயிரம் இரும்புக் கவசங்களை அடித்து முடிக்க எத்தனை கொல்லர்கள், எவ்வளவு கரி, எத்தனை மாதங்கள் வேண்டும் என்று எண்ணிப் பார்த்தால் இந்த ஆணையின் காரணம் விளங்கும்.

காகிதம் எப்படித் தடுக்கிறது?

இனி இயற்பியலுக்கு வருவோம். 50 கிராம் எடையுள்ள ஓர் அம்பு நொடிக்கு 50 மீட்டர் வேகத்தில் வருவதாகக் கொள்வோம். அதன் இயக்க ஆற்றல் 62.5 ஜூல். ஒரு கிலோ கல் 6 மீட்டருக்குச் சற்று அதிகமான உயரத்திலிருந்து விழும்போது பெறும் ஆற்றல் இது. அம்பை நிறுத்த வேண்டுமானால் இந்த ஆற்றல் முழுவதையும் கவசம் வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஆற்றல் என்பது விசையையும் தொலைவையும் பெருக்கி வருவது. அம்பு 2 மில்லிமீட்டருக்குள் நிற்க வேண்டுமானால் சராசரி விசை 31,250 நியூட்டன். 2 சென்டிமீட்டருக்குள் நின்றால் போதும் என்றால் 3,125 நியூட்டன்தான். தொலைவு பத்து மடங்கானால் விசை பத்தில் ஒரு பங்காகிவிடுகிறது. கிரிக்கெட் ஆட்டக்காரர் பந்தைப் பிடிக்கும்போது கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வதும் இதனால்தான். இரும்பு, அம்பின் முனையை உள்ளே விடாமல் உடனே எதிர்க்கிறது. காகித அடுக்கோ முனையைச் சிறிது உள்ளே விட்டு, ஒவ்வோர் அடுக்கிலும் சிறிது சிறிதாக அதன் ஆற்றலைப் பறிக்கிறது. நார் இழுபடுகிறது, அறுகிறது, அடுக்குகள் ஒன்றன்மீதொன்று உராய்கின்றன. எல்லாமாகச் சேர்ந்து அம்பைக் களைப்படையச் செய்துவிடுகின்றன.

இதை நீங்களே சோதிக்கலாம். ஒரு தனித் தாளைத் தடித்த அட்டையின்மேல் வைத்துக் காம்பஸ் முள்ளால் குத்துங்கள்; முள் தடையின்றி இறங்கும். பிறகு நூறு பக்க நோட்டுப் புத்தகத்தை மேசைமீது வைத்து அதே வலுவுடன் குத்துங்கள். சில தாள்களோடு முள் நின்றுவிடும். விரல்களை எட்டவே வைத்துக்கொள்ளுங்கள்.

காகிதக் கவசம் இறகுபோல இலேசாக இருந்திருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. இரும்பின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 7.8 கிராம். நன்கு அழுத்திய காகிதத்தின் அடர்த்தி ஏறத்தாழ 0.8 கிராம். ஆகவே ஒரு மில்லிமீட்டர் இரும்புத் தகடும் ஒரு சென்டிமீட்டர் காகித அடுக்கும் பரப்புக்குப் பரப்பு ஏறக்குறைய ஒரே எடைதான். இலாபம் எடையில் இல்லை. விலையிலும், செய்யும் விரைவிலும், துருப்பிடிக்காத தன்மையிலும் இருந்தது.

கடலும் மழையும்

துருவைப் பற்றி நன்றாக அறிந்தவர்கள் கடற்படையினர். 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவான்சௌ துறைமுக நகரின் ஆட்சியாளராக இருந்தவர் சென் தெஷியூ. பின்னாளில், 1281-இல், தமிழ் வணிகர்கள் தமிழும் சீனமும் கலந்த கல்வெட்டைப் பொறித்து வைத்த அதே நகரம் இது. கரையோரப் பாதுகாப்பைப் பற்றி மேலிடத்துக்கு எழுதிய அறிக்கையில் அவர், கடற்படைக்கு வேண்டியது காகிதக் கவசமே என்றார். அங்கே ஒரு காவல் நிலையத்தில் நூறு இரும்புக் கவசங்கள் இருந்தன. அவற்றில் பாதியை வைத்துக்கொண்டு, ஐம்பதைக் கொடுத்துக் காகிதக் கவசமாக மாற்றிக்கொள்வதாகத் தெரிவித்தார். இங்கே காகிதம், இரும்பு கிடைக்காத குறைக்காக வந்ததன்று. இரும்பைக் கொடுத்து வாங்கப்பட்டது!

காகிதம் நனைந்தால் என்னாவது என்று கேட்கலாம். மிங் காலத்து எழுத்தாளர் சூ குவோசென் இதற்கு எதிர்பாராத விடை தருகிறார். மிக மென்மையான தாளை அடித்துப் பதப்படுத்தி, தடிமனாக அடுக்கி, நெருக்கமாக ஆணியறைந்து செய்த கவசம் மழையில் நனைந்தால் அம்பும் துப்பாக்கிக் குண்டும் அதைத் துளைப்பது கடினம் என்கிறார் அவர். நீர் பட்டால் நார்களுக்கிடையேயுள்ள ஹைட்ரஜன் பிணைப்புகள் தளரும். குட்டை நார்க் காகிதம் கூழாகிவிடும். நீண்ட நார்கள் பின்னிய தாளோ உடனே பிரிந்துபோகாது. விறைப்புக் குறைந்து, வெடிக்காமல் வளைந்து கொடுக்கும். ஆணிகள் அடுக்குகளை நழுவவிடாமல் பிடித்திருக்கும்.

ஆயினும் எல்லாக் காகிதக் கவசமும் எல்லாவற்றையும் தடுத்துவிடவில்லை. 1621-இல் 'வூ பெய் ஜி' என்ற போர்க்கலைக் களஞ்சியத்தைத் தொகுத்த மாவ் யுவான்யி இதை ஒளிக்காமல் எழுதுகிறார். காகிதமும் பஞ்சும் மெல்லியதாக இருந்தால் அம்பே உள்ளே புகும், ஈயக் குண்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஓர் அங்குலத் தடிமன் வேண்டும் என்கிறார். நீளம் முழங்கால்வரை போதும். மிக நீண்டால் சேற்று வயலில் நடக்க முடியாது. மிகக் குறைந்தால் உடலை மறைக்காது. தெற்கத்திச் சேற்றில் கால் புதைய நடந்த காலாளை மனத்தில் வைத்து எழுதப்பட்ட வரிகள் இவை. துப்பாக்கிகள் வலுப்பெறப் பெறக் காகிதக் கவசம் மறைந்தது. இரும்புக் கவசத்துக்கும் அதே கதிதான் நேர்ந்தது.

ஆனால் அந்தத் தத்துவம் மறையவில்லை. 1965-இல் அமெரிக்காவின் டூபான்ட் ஆய்வுக்கூடத்தில் ஸ்டெபானி குவோலெக் என்ற வேதியியலார் கண்ட ஆய்வு வழியே கெவ்லார் என்னும் இழை பிறந்தது. இன்று காவல் துறையினர் அணியும் குண்டு தடுக்கும் உடைகளில் அந்த இழையால் நெய்த துணி பல அடுக்குகளாக வைக்கப்படுகிறது. நீண்ட நார், பல அடுக்கு, சிறிது சிறிதாக ஆற்றலைப் பறித்தல்: சூ ஷாங்கின் மடிப்பேதான்.

எங்கள் ஆறு கவசங்கள்

எங்கள் நாடகக் கவசங்களுக்கு அம்பைத் தடுக்கும் வேலை இல்லை. கவசம்போல் தோன்றி, ஒன்றரை மணி நேரம் உடையாமல் இருந்தால் போதும். அதற்கு நெளி அட்டை மிகப் பொருத்தமானது. 1856-இல் இங்கிலாந்தில் இருவர் உயரமான தொப்பிகளுக்கு உள்வரியாக நெளிந்த காகிதத்துக்கு உரிமம் பெற்றார்கள். 1871-இல் அமெரிக்காவில் ஆல்பர்ட் ஜோன்ஸ் கண்ணாடிப் பொருள்களைச் சுற்றி அனுப்ப அதைப் பயன்படுத்தினார். பின்னர் இருபுறமும் தாள் ஒட்டப்பட்டு இன்றைய அட்டை உருவாயிற்று. இரண்டு தாள்களை நெளிவு விலக்கி நிறுத்துவதால், குறைந்த எடையில் மிகுந்த விறைப்புக் கிடைக்கிறது.

மார்புக் கவசத்தில் நெளிவுகள் மேலிருந்து கீழாக ஓடும்படி வெட்டினோம். அப்போதுதான் அட்டை மடங்காமல் உடலைச் சுற்றி வளையும். பூச்சி அரிக்காதிருக்க மைதாப் பசையில் சிறிது மயில்துத்தம் கலந்து, மேலே செய்தித்தாளை மூன்று அடுக்கு ஒட்டினோம். துத்தம் நச்சுப் பொருள். பசை தொட்ட கையை நன்றாகக் கழுவிவிட வேண்டும். தோளையும் மார்பையும் ஒரே துண்டாகச் செய்யாமல் பழைய இடுப்பு வாரின் துண்டுகளால் இணைத்தோம். கையைத் தூக்க முடிந்தது. உலர இரண்டு நாள்; பிறகு அலுமினியப் பெயின்ட். ஆறு கவசங்களுக்கும் ஆன செலவு 740 ரூபாய். அதில் பெரும்பகுதி பெயின்டுக்கே போயிற்று.

ஒத்திகை நடந்த ஒரு மாலையில், கேள்வி கேட்ட மாணவனுக்கு ஹுவாய்நான் உழவர்களின் கதையைச் சொன்னேன். அவன் தன் அட்டைக் கவசத்தை ஒருமுறை தட்டிப் பார்த்தான். "அப்படியானால் அவர்கள் போட்டது வேஷம் இல்லை, சார்" என்றான்.

ஆம், வேஷம் இல்லை. கையில் இருந்த பொருளின் குணத்தை அவர்கள் அறிந்திருந்தார்கள். அந்த அறிவுதான் அவர்களுடைய கவசம்.