தேசிக்காயும் எமது துறைமுகமும்

கடல் கடந்து வாழும் தோழியர் வீட்டுக்குப் போனால் தேநீரோடு எலுமிச்சைச் சதுரம் வருகிறது. அடியில் பிஸ்கட் போல மொறுமொறுப்பு, மேலே மஞ்சளாய்ப் புளிப்பு. "இது இங்கத்தையச் சாமான்" என்பார்கள். 1960களில் அமெரிக்கச் சமையற் பக்கங்களில் பரவிய பண்டம்தான். ஆனாலும் புளியும் சீனியும் கூடிய கதையொன்று எமது துறைமுக வாசலுக்கு வந்து போயிருக்கிறது.

1747இல் ஜேம்ஸ் லின்ட் என்னும் கப்பல் மருத்துவர், ஸ்கேவி நோய் கண்ட 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து வெவ்வேறு மருந்து கொடுத்துப் பார்த்தார். தோடம்பழமும் எலுமிச்சையும் தின்ற இருவரே விரைவாகத் தேறினர். இவ்வளவு தெளிவான விடயத்தைப் பிரித்தானியக் கடற்படை ஏற்க ஏறத்தாழ அரை நூற்றாண்டு எடுத்தது. அதற்குள் எத்தனை தாய்மார் பிள்ளைகளை இழந்தார்களோ!

1794இல் பீற்றர் ரெயினியரின் 'சபோக்' கப்பல் எந்தத் துறையையும் தொடாமல் 23 வாரம் ஓடி இந்தியா வந்தது. நாள்தோறும் மாலுமிகளின் மதுவில் எலுமிச்சைச் சாறும் சீனியும் கலந்து கொடுத்தார்கள். ஸ்கேவி பெரிதாகத் தலைகாட்டவில்லை. மறு ஆண்டு கடற்படை முழுவதற்கும் சாறு வழங்க இணங்கினார்கள். அதே 1795 ஓகஸ்டில் ரெயினியர் திருகோணமலைக்கு வந்தார். கூட வந்த 'டயோமீட்' பாறையில் மோதித் தாழ்ந்தது. மாத முடிவுக்குள் ஒல்லாந்தர் இரு கோட்டைகளையும் விட்டுக்கொடுத்தனர். சுதந்திரத்தின் பின்னும் 1957 வரை அக்கடற்படை இங்கு இருந்தது. பீரங்கிகளைப் பற்றி எழுதியவர் பலர். சாற்றுப் பீப்பாயை யார் நினைத்தார்?

பிற்காலத்தில் எலுமிச்சையை விட்டு மேற்கிந்தியத் தேசிக்காய்க்கு மாறினார்கள். அதில் உயிர்ச்சத்து சி குறைவு. 1875இல் வட துருவம் போனவர்களை ஸ்கேவி மீண்டும் பிடித்தது. இரண்டும் ஒன்றல்ல என்பது அடுக்களைக்கும் பொருந்தும். தேசிக்காயின் புளி கூர்மையானது.

நான் செய்வது இப்படி: ஒரு கோப்பை கோதுமை மா, அரைக் கோப்பை பட்டர், கால் கோப்பை ஐசிங் சீனி பிசைந்து தட்டில் அழுத்தி, 180 பாகையில் 20 நிமிடம். இரண்டு முட்டை, ஒரு கோப்பை சீனி, இரண்டு மேசைக்கரண்டி மா, மூன்று மேசைக்கரண்டி தேசிக்காய்ப் புளி, துருவிய பச்சைத் தோல் ஆகியவற்றை அடித்து, அடித்தட்டு சூடாக இருக்கும்போதே ஊற்றி இன்னும் 20 நிமிடம். தோலின் வெள்ளை பட்டால் கைக்கும்.

போறணை என்ற சொல்லே போர்த்துக்கேயர் விட்டுப் போனது. அது இல்லாத வீடுகளில் கனத்த சட்டிக்குக் கீழும் மூடியின் மேலும் தணல் போட்டுத்தானே கேக் சுட்டோம்? இதுவும் அப்படி வேகும். மேலே தணல் கூட, கீழே குறைய. நன்றாக ஆறிய பின்பே வெட்டுங்கள். சூட்டில் வெட்டினால் மேற்புறம் கத்தியோடு வந்துவிடும்.