ஃபேனை மாத்தினா கரண்ட் பில் குறையுமா? ஒரு வீட்டுக்கு ₹0... இன்னொரு வீட்டுக்கு ₹457! கணக்கு இதுதான்

புதுக்கோட்டை: வெயில் காலம் வந்துட்டா புதுக்கோட்டை மாவட்டத்தில் பகல், ராத்திரி என்று பார்க்காமல் ஓடுவது சீலிங் ஃபேன்தான். ஏசி இல்லாத வீடு உண்டு, ஃபேன் இல்லாத வீடு கிடையாது. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் அடித்தபோது ஆலங்குடி, கீரமங்கலம், கறம்பக்குடி பக்கம் பல கிராமங்கள் வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தன. ஃபேன் இல்லாத ராத்திரி எப்படி இருக்கும் என்பதை இந்த மாவட்டத்துக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது கடைக்குப் போனால், "பிஎல்டிசி ஃபேன் வாங்குங்க, பில் பாதியா குறையும்" என்கிறார்கள். அது உண்மையா? பதில் ஃபேனில் இல்லை. உங்கள் வீட்டு மீட்டரில் இருக்கிறது.

ஒரு ஃபேன் எவ்வளவு கரண்ட் எடுக்கும்?

வாட் × ஓடும் மணி நேரம் ÷ 1000 = யூனிட். இவ்வளவுதான் கணக்கு.

சாதாரண சீலிங் ஃபேன் முழு வேகத்தில் சுமார் 75 வாட் எடுக்கும். தினமும் 12 மணி நேரம் ஓடினால் 0.9 யூனிட். மீட்டர் ரீடிங் எடுப்பது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதால், 60 நாளுக்கு 54 யூனிட்.

பிஎல்டிசி ஃபேன் எடுப்பது சுமார் 30 வாட். அதே 12 மணி நேரம், அதே 60 நாளுக்கு சுமார் 22 யூனிட். அதாவது ஒரு ஃபேனுக்கு 32 யூனிட் மிச்சம்.

அது எப்படி இவ்வளவு குறைகிறது?

சாதாரண ஃபேனில் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார். நாலைந்து மணி நேரம் ஓடிய ஃபேனை நிறுத்திவிட்டு நடுப்பகுதியைத் தொட்டுப் பார்த்தால் சுடும். நாம் காசு கொடுக்கும் கரண்டில் ஒரு பங்கு காற்றாக மாறாமல், இப்படிச் சூடாகவே போய்விடுகிறது. பிஎல்டிசி மோட்டாரில் சுழலும் பகுதியில் நிரந்தரக் காந்தம் இருக்கும். ஒரு சர்க்யூட் போர்டு காயிலுக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும். அதனால் இழப்பு குறைவு.

இந்த வகை ஃபேன் நம்ம ஊருக்குப் புதுசு இல்லை. கோவையைச் சேர்ந்த வெர்சா டிரைவ்ஸ் நிறுவனம் 2012-லேயே 35 வாட்டில் ஓடும் 'சூப்பர்ஃபேன்' என்ற சீலிங் ஃபேனைக் கொண்டுவந்தது.

சரி, பில்லில் எவ்வளவு குறையும்?

இங்கேதான் விஷயமே இருக்கிறது. தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் படிக்கட்டு மாதிரி. 2022 செப்டம்பர் 10-ல் அமலான கட்டணப்படி, இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் வரை பயன்படுத்தும் வீடுகளுக்கு:

• முதல் 100 யூனிட் – இலவசம்
• 101 முதல் 200 வரை – யூனிட்டுக்கு ₹2.25
• 201 முதல் 400 வரை – ₹4.50
• 401 முதல் 500 வரை – ₹6

500-ஐத் தாண்டினால் கணக்கே மாறிவிடும். 101-லிருந்தே யூனிட்டுக்கு ₹4.50 விழும். 501 முதல் 600 வரை ₹8. அதனால் 500 யூனிட் வீட்டுக்கு பில் ₹1,725. 501 யூனிட் வீட்டுக்கு ₹1,958. ஒரே ஒரு யூனிட் கூடியதற்கு ₹233 அதிகம்!

2024 ஜூலையில் யூனிட் விலை இன்னும் கொஞ்சம் ஏறியது. அதனால் கீழே உள்ள தொகைகளை, வித்தியாசத்தைப் புரிந்துகொள்வதற்கான கணக்காக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஃபேன், நாலு வீடு

ஒரு ஃபேனை மட்டும் மாற்றி, 32 யூனிட் மிச்சம் பிடித்தால்:

• 95 யூனிட் வீடு: மிச்சம் ₹0. ஏற்கெனவே பில்லே கிடையாது.
• 180 யூனிட் வீடு: மிச்சம் ₹72.
• 350 யூனிட் வீடு: மிச்சம் ₹144.
• 520 யூனிட் வீடு: பில் ₹2,110-லிருந்து ₹1,653-க்கு இறங்கும். மிச்சம் ₹457.

₹3,000 கொடுத்து பிஎல்டிசி ஃபேன் வாங்கினால், வருஷம் முழுக்க இதே அளவு ஓடும் பட்சத்தில், 350 யூனிட் வீட்டில் போட்ட காசு திரும்ப சுமார் மூன்றரை வருஷம் ஆகும். 180 யூனிட் வீட்டில் ஏழு வருஷம். அந்த வீட்டில் ஓடுகிற ஃபேனைக் கழற்றிவிட்டு புதுசு மாட்ட அவசரமே இல்லை. பழையது ரிப்பேர் ஆகும்போது யோசித்தால் போதும்.

வாங்குவதற்கு முன் கவனிக்க வேண்டியவை

• ஸ்டார் லேபிள்: 2023 ஜனவரி 1 முதல் சீலிங் ஃபேனுக்கு இது கட்டாயம். வாட் குறைவு என்பதை மட்டும் பார்க்காமல், எவ்வளவு காற்று தரும் என்பதையும் பாருங்கள்.
• ரெகுலேட்டர்: பிஎல்டிசி ஃபேன்களை பெரும்பாலும் சுவரில் இருக்கும் பழைய ரெகுலேட்டரோடு சேர்த்து ஓட்டக் கூடாது. எலக்ட்ரீஷியனிடம் சொல்லி நேரடி இணைப்பு கொடுக்க வேண்டும்.
• ரிப்பேர்: சாதாரண ஃபேன் என்றால் பக்கத்துக் கடையில் காயில் கட்டிவிடலாம். பிஎல்டிசி-யில் போர்டு போனால் எல்லாக் கடையிலும் பார்க்க மாட்டார்கள். வாரண்டியும் சர்வீஸ் சென்டரும் முக்கியம்.
• இன்வெர்ட்டர் இருக்கும் வீடு: ஃபேன் மட்டும் ஓடினால் அதே பேட்டரி இரண்டு மடங்குக்கு மேல் நேரம் தாங்கும். லோ வோல்டேஜ் வரும் கிராமங்களிலும் பல மாடல்கள் வேகம் குறையாமல் ஓடும்.

காசு செலவில்லாமல் என்ன செய்யலாம்?

ஃபேன் அறையைக் குளிர வைப்பதில்லை. நம் உடம்பில் இருக்கும் வியர்வையைக் காய வைக்கிறது, அதனால்தான் நமக்கு ஜில்லென்று இருக்கிறது. ஆள் இல்லாத அறையில் ஓடும் ஃபேனால் யாருக்கும் பயனில்லை.

மேலே சொன்ன 520 யூனிட் வீட்டையே எடுத்துக்கொள்வோம். ஆள் இல்லாத அறையில் தினமும் 5 மணி நேரம் சும்மா ஓடும் ஒரு ஃபேனை அணைத்தால், 60 நாளில் 22.5 யூனிட் மிச்சம். மீட்டர் 500-க்குக் கீழே வந்துவிடும். பில்லில் ₹400 குறையும், புது ஃபேன் வாங்காமலேயே!

பெரிய பெட்டி மாதிரி இருக்கும் பழைய ரெகுலேட்டர் வைத்திருந்தால் அதை மாற்றுங்கள். வேகத்தைக் குறைத்தாலும் அது கரண்டைச் சூடாக்கி வீணடிக்கும். எலக்ட்ரானிக் ரெகுலேட்டரில் வேகம் குறைந்தால் கரண்டும் குறையும்.

உங்க ஃபேன் எவ்வளவு எடுக்குது? நீங்களே பார்க்கலாம்

வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரே ஒரு ஃபேனை முழு வேகத்தில் போடுங்கள். மீட்டரில் சிவப்பு லைட் விட்டுவிட்டு எரியும். யூனிட்டுக்கு 3200 துடிப்பு என்று அச்சிட்ட மீட்டராக இருந்தால், 75 வாட் ஃபேனுக்கு 5 நிமிடத்தில் அது சுமார் 20 தடவை மின்னும். 30 வாட் ஃபேனுக்கு 8 தடவைதான்.

அப்படியே போன தடவை வந்த பில்லையும் எடுத்துப் பாருங்கள். 500-க்குக் கொஞ்சம் மேலே இருந்தால், உங்கள் வீட்டில் ஒவ்வொரு ஃபேன் சுவிட்சுக்கும் மதிப்பு அதிகம்.