வெளுப்பு என்னும் சரக்கு

அத்தைக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த காலம். தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தது அத்தை. பார்க்க வந்தவர்கள், "பொண்ணு நல்ல பொண்ணுதான், நெறந்தான் கொஞ்சம் கம்மி" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வந்தவர்களும் நம்ம சேரிச் சனம்தான். அடுத்த சம்பளத்தில் அத்தை சிவப்பழகு க்ரீம் வாங்கி வந்தது. ஆயா கேட்டது: "தேச்சா போறதுக்கு அது என்ன அழுக்கா?"

நம் தோலை நம்மையே அழுக்கென்று நம்பவைத்தது யார்?

புதுச்சேரிக்காரர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. பிரெஞ்சுக்காரன் இந்த ஊரையே நிறத்தை வைத்துப் பிரித்தான். வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர் நகரம், மேற்கே கருப்பர் நகரம். ஆனால் அந்தக் கருப்பர் நகரத்திலேயே இன்னொரு கோடும் இருந்தது. சம்பா கோயிலுக்குள் பறைக் கிறித்தவர்களையும் சாதிக் கிறித்தவர்களையும் பிரித்து ஒரு சுவர் நின்றது. 1745இல் நம் ஆட்கள் பாதிரியாரிடம் முறையிட்டு அதை இடிக்க வைத்ததை ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு சொல்கிறது. சுவருக்கு இரண்டு பக்கமும் நின்றவர்கள் தமிழர்கள். அந்தச் சுவரை யாரும் தோலைப் பார்த்துக் கட்டவில்லை, பிறப்பைப் பார்த்துக் கட்டினார்கள்.

வெள்ளைக்காரனின் நிறவெறியும் நம்மூர்ச் சாதியமும் பின்னிக்கிடக்கும் இந்த இடத்தில்தான் விளம்பரக்காரன் கடை போடுகிறான். இந்துஸ்தான் லீவர் 1975இல் ஃபேர் அண்ட் லவ்லியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. உத்தி எளிமையானது. முதலில் ஒரு குறையைக் காட்டு. அப்புறம் அந்தக் குறையால் வரும் அவமானத்தைக் காட்டு. கடைசியில் மருந்தைக் காட்டு. மகன் இல்லையே என்று அப்பன் ஏங்குகிறான். கறுத்த மகள் க்ரீம் பூசி வெளுக்கிறாள், விமானப் பணிப்பெண் ஆகிறாள். அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் இதை எதிர்த்துப் போராடியது. 2003இல் மத்திய அரசு இந்த மாதிரி விளம்பரங்களை நிறுத்தச் சொன்னது.

பக்கத்துக் கடலூரிலிருந்து வந்த உத்தி இன்னும் நுட்பமானது. ஷாம்புவைச் சின்னச் சாஷேயில் அடைத்து விற்றதில் கடலூர் சின்னி கிருஷ்ணன் முன்னோடி. கூலிக்காரர் கையில் இருக்கும் சில்லறைக்கு ஏற்ற அளவு அது. அவர் மகன் ரங்கநாதன் 1983இல் தனியாகத் தொழில் தொடங்கினார். அந்த நிறுவனமான கெவின்கேர் 1998இல் ஃபேரெவரைக் கொண்டுவந்தது. அதில் என்ன இருக்கிறது என்று சொன்னார்கள்? குங்குமப்பூவும் பாலும். மாசமாயிருக்கும் பெண்ணுக்குக் குங்குமப்பூப் பால் கொடுத்தால் பிள்ளை சிவப்பாகப் பிறக்கும் என்று கிழவிகள் சொல்லிவந்த பேச்சை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். விளம்பரத்தின் பலம் இதுதான். அது புதிதாக எதையும் சொல்வதில்லை. ஊர் ஏற்கெனவே நம்புவதை ஊரின் குரலிலேயே திருப்பிச் சொல்கிறது. நாமும் தலையாட்டுகிறோம்.

ஆனால் ஊர் இன்னொன்றும் சொல்லி வைத்திருக்கிறது: "கறுத்த பாப்பானையும் செவத்த பறையனையும் நம்பாதே." இந்த இழிமொழியை எந்த விளம்பரமும் நமக்குச் சொல்லாது. வெளுத்தாலும் உன்னைச் சேர்த்துக்கொள்ள மாட்டோம் என்று சாதியே வாய்விட்டுச் சொல்கிறது. அப்புறம் அந்த க்ரீம் நமக்கு எதைத்தான் விற்கிறது?

கறுப்பு நிறத்தவரைத் தாழ்வாகக் காட்டக்கூடாது என்று 2014இல் விளம்பரத் தரக் குழு விதி வகுத்தது. 2020இல் அமெரிக்கக் கறுப்பின மக்களின் போராட்டம் உலகெங்கும் எதிரொலித்தபோது ஃபேர் அண்ட் லவ்லி 'க்ளோ அண்ட் லவ்லி' ஆனது. பெயர் மாறியது, க்ரீம் கடையில் இருக்கிறது. புதுச்சேரியிலும் வெள்ளையர் நகரம் 'வொயிட் டவுன்' என்று சுற்றுலாக்காரர்களுக்கு விலைபோகிறது. வாங்க, கருப்பர் நகரத்தைப் பாருங்கள் என்று யாரும் கூப்பிடுவதில்லை.

அத்தைக்குக் கல்யாணம் ஆனது, நிறம் மாறாமலே. ஆனால் "நெறம் கம்மி" என்று சொன்னது மேல்சாதிக்காரன் வாயல்ல, நம் வாய். கம்பெனியை எதிர்த்துக் கோஷம் போடலாம், போடுவோம். அதற்கு முன்னால், பெண் பார்க்கப் போகும்போது நாம் என்ன பேசுகிறோம் என்று கொஞ்சம் காதுகொடுத்துக் கேட்போம்.