பூட்டிக்கொள்ளும் கார் வானொலி

திருடிச் சென்ற பொருள் திருடனுக்குப் பயன்படாமற் போனால் திருட்டு நிற்குமல்லவா? கார் வானொலியின் வரலாறு இந்த எண்ணத்தை நோக்கி வளர்ந்த கதையாகும்.

அமெரிக்காவில் பால் கால்வின், ஜோசப் கால்வின் என்னும் சகோதரர்கள் 1930இல் ‘மோட்டரோலா’ என்ற கார் வானொலியை விற்பனைக்குக் கொண்டுவந்தனர். வெற்றிடக் குழல்களால் இயங்கிய அதைக் காரில் பொருத்துவதே பெரிய வேலை. பின்னர் டிரான்சிஸ்டர் வந்தது, பெட்டி சிறுத்தது. 180 மில்லிமீட்டர் அகலமும் 50 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட பொது அளவை ஜெர்மானியத் தரவிதி வகுத்தது. எந்த வானொலியையும் எந்தக் காரிலும் பொருத்தலாம் என்ற வசதி வாங்குபவருக்கு மட்டுமா கிடைத்தது? திருடனுக்கும் கிடைத்தது!

1980களில் நியூயார்க் நகரில் ‘வானொலி இல்லை’ என்று எழுதிக் கார்க் கண்ணாடியில் வைக்கும் நிலை ஏற்பட்டது. சிலர் வானொலியையே உருவி எடுத்துக் கையோடு கொண்டு சென்றனர். முகப்பை மட்டும் கழற்றும் வகையும் வந்தது.

அடுத்து வந்தது இரகசிய எண். பாட்டரி இணைப்பு அறுந்தால் வானொலி பூட்டிக்கொள்ளும். மீண்டும் மின்சாரம் கிடைத்ததும் எண்ணைக் கேட்கும். சரியான எண்ணை அழுத்தினால்தான் பாடும். ஆனால் பழைய பாட்டரியை மாற்றிய உரிமையாளரையும் அது அப்படியே கேட்கும். எண் எழுதிய அட்டை தொலைந்திருந்தால் அவர் பாடு திண்டாட்டந்தான்.

இதற்கிடையே காரின் உள்ளமைப்பும் மாறியது. எஞ்சின், கதவு, விளக்கு ஆகியவற்றை ஆளும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் பொதுக் கம்பிகள் வழியே செய்தி பரிமாறத் தொடங்கின. பாஷ் நிறுவனம் 1986இல் வெளியிட்ட ‘கான்’ முறை இவற்றுள் புகழ்பெற்றது. வானொலியும் இக்கம்பிகளில் இணைந்தது.

அமெரிக்காவில் 1981 முதல் ஒவ்வொரு காருக்கும் 17 எழுத்துகளும் இலக்கங்களும் கொண்ட தனி அடையாள எண் உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் கார்கள் பலவற்றில் வானொலி முதன்முதல் பொருத்தப்படும்போதே இந்த எண்ணைத் தன் நினைவகத்தில் பதித்துக்கொள்ளும். பின்னர்க் கட்டுப்பாட்டுப் பெட்டி கம்பி வழியே அனுப்பும் எண்ணுடன் அதை ஒப்பிட்டுப் பார்க்கும். இரண்டும் ஒன்றானால் பாட்டு, வேறானால் மௌனம்! உரிமையாளர் எதையும் நினைவில் வைக்க வேண்டியதில்லை. பாட்டரியை மாற்றினாலும் தொல்லையில்லை.

எனினும் ஒரு குறை உண்டு. பழைய காரிலிருந்து நேர்மையாக விலைக்கு வாங்கிய வானொலியும் புதிய இடத்தில் ஊமையாகிவிடும். அதன் பூட்டைத் திறக்க உரிய கருவியுள்ள பணிமனையை நாட வேண்டும். எண்ணை ஒப்பிடத் தெரிந்த இயந்திரத்துக்கு எண்ணத்தை அறியத் தெரியாது. வாங்கியவர் யார், திருடியவர் யார் என்று பிரித்தறிவது இன்னும் மனிதனின் பொறுப்பே. பழைய வானொலி வாங்குமுன் நீங்கள் இதை நினைவில் கொள்ளுங்கள்.