4 மாதக் கடல் பயணம்... பாஸ்டனில் இருந்து சென்னைக்கு ஐஸ் கரையாமல் வந்தது எப்படி? ஐஸ் ஹவுஸ் சொல்லும் அறிவியல்

சென்னையில் ஆட்டோ ஏறி 'ஐஸ் ஹவுஸ்' என்று சொன்னால் போதும், வண்டி நேராகத் திருவல்லிக்கேணிக்குப் போய்விடும். அந்தப் பெயரில் பஸ் ஸ்டாப் இருக்கிறது, காவல் நிலையம் இருக்கிறது. ஆனால் ஐஸ் மட்டும் இல்லை!

மெரினா எதிரே காமராஜர் சாலையில் இருக்கும் விவேகானந்தர் இல்லம்தான் அந்த ஐஸ் ஹவுஸ். அமெரிக்காவில் இருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842-ல் கட்டப்பட்ட கிடங்கு இது. ஃபிரிட்ஜ் இல்லாத காலத்தில், சென்னை வெயிலில் ஐஸ் எப்படித் தாங்கியது? அதே அறிவியலுக்கும் இன்று நம் உடம்பில் வழியும் வியர்வைக்கும் என்ன தொடர்பு?

யார் கொண்டு வந்தது?

பாஸ்டனைச் சேர்ந்த ஃபிரடெரிக் டியூடர் என்ற வியாபாரி. குளிர்காலத்தில் உறையும் ஏரிகளில் இருந்து பனிக்கட்டியை அறுத்தெடுத்து, வெப்ப நாடுகளுக்கு விற்பதுதான் அவரது தொழில். 1833-ல் 'டஸ்கனி' என்ற கப்பலில் சுமார் 180 டன் ஐஸை கல்கத்தாவுக்கு அனுப்பினார். சூயஸ் கால்வாய் 1869-ல்தான் திறக்கப்பட்டது. அதனால் ஆப்பிரிக்காவைச் சுற்றி, நிலநடுக்கோட்டை இரண்டு முறை தாண்டி, 4 மாதம் கழித்துத்தான் கப்பல் வந்து சேர்ந்தது. அப்போதும் சுமார் 100 டன் ஐஸ் மிச்சம் இருந்தது. அதன்பிறகு பம்பாய், சென்னை என வியாபாரம் விரிந்தது.

ஏன் முழுசாகக் கரையவில்லை?

பொருட்கள் பொதுவாக திடம், திரவம், வாயு என்ற மூன்று நிலைகளில் இருக்கும். ஐஸில் நீர் மூலக்கூறுகள் வரிசை மாறாமல் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும். தண்ணீரில் அந்தப் பிடி தளர்ந்து, ஒன்றின் மேல் ஒன்று வழுக்கி நகரும். நீராவியில் பிடியே கிடையாது, ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பறக்கும்.

ஒரு நிலையில் இருந்து அடுத்த நிலைக்கு மாற, அந்தப் பிடியை உடைக்க வேண்டும். அதற்கு வெப்பம் தேவை. 0 டிகிரியில் இருக்கும் 1 கிலோ ஐஸ் முழுவதும் உருக 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அதே வெப்பத்தை 0 டிகிரி தண்ணீருக்குக் கொடுத்தால், அது சுமார் 80 டிகிரி வரை சூடாகிவிடும். ஆனால் ஐஸ் உருகி முடிக்கும்வரை வெப்பநிலை 0 டிகிரியைத் தாண்டாது. உள்ளே போன வெப்பம் தெர்மாமீட்டரில் தெரியாது. அதனால்தான் இதற்கு 'உள்ளுறை வெப்பம்' என்று பெயர்.

டியூடருக்குக் கைகொடுத்த விஷயங்கள் இன்னும் இரண்டு. ஒன்று, மரத்தூள். அதன் இடுக்குகளில் சிக்கிய காற்று, வெளி வெப்பம் சட்டென்று உள்ளே போகாமல் தடுத்தது. இரண்டு, அளவு. ஐஸ் உருகுவது வெளிப்பரப்பில்தான். சின்னத் துண்டுகளாக இருந்தால் காற்று படும் பரப்பு அதிகம். கட்டிகளை இடைவெளி இல்லாமல் அடுக்கினால் உள்ளே இருப்பது தப்பிக்கும்.

பிறகு நீராவி இயந்திரங்கள் மூலம் உள்ளூரிலேயே ஐஸ் தயாராக, கப்பல் ஐஸ் வியாபாரம் படுத்தது. கட்டடத்தை வக்கீல் பிலிகிரி ஐயங்கார் வாங்கினார். 1897-ல் சுவாமி விவேகானந்தர் இங்கே தங்கினார். 1963-ல் 'விவேகானந்தர் இல்லம்' என்ற பெயர் வந்தது.

வீட்டிலேயே பார்க்கலாம்

மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தாலும் எண்ணெய் வராது. சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் அது உறையத் தொடங்கும். மயிலாப்பூர் மாட வீதிக் கடைகளில் கற்பூரத்தை இறுக்கமாக மூடியே வைத்திருப்பார்கள். திறந்து வைத்தால் திரவமாக மாறாமலேயே நேரடியாக ஆவியாகிக் கரைந்துவிடும். இதன் பெயர் பதங்கமாதல். பீரோவில் போடும் பாச்சை உருண்டை சிறுத்துப் போவதும் இப்படித்தான்.

வியர்வைக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

இதுதான் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். வியர்வை வழிந்தால் மட்டும் உடம்பு குளிராது. அது ஆவியானால்தான் குளிரும். 1 லிட்டர் வியர்வை ஆவியாகும்போது சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தை உடலில் இருந்து எடுத்துச் செல்லும். 1 கிலோ ஐஸ் உருக எடுத்துக்கொள்வதைவிட இது சுமார் 7 மடங்கு.

ஆனால் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாவது குறைந்துவிடும். தி.நகர் ரங்கநாதன் தெரு கூட்டத்தில் சட்டை நனைந்தும் புழுக்கம் அடங்காததற்கு இதுதான் காரணம்.

இதை அளப்பதுதான் 'வெட் பல்ப்' எனப்படும் ஈரக்குமிழ் வெப்பநிலை. ஈரத் துணி சுற்றிய தெர்மாமீட்டர் காட்டும் அளவு இது. 42 டிகிரி வெயில், 20% ஈரப்பதம் என்றால் ஈரக்குமிழ் வெப்பநிலை சுமார் 24 டிகிரி. வெறும் 33 டிகிரிதான், ஆனால் 80% ஈரப்பதம் என்றால் அது சுமார் 30 டிகிரி! அதாவது வெயில் குறைவாகத் தெரிந்தாலும், வியர்வையால் உடலைக் குளிர்விப்பது இரண்டாவது ஊரில்தான் கஷ்டம். இந்த அளவு 35 டிகிரியைத் தொட்டால், நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஆரோக்கியமானவர்கூட பல மணி நேரம் தாங்க முடியாது என்பது அறிவியல் கணக்கு. முதியவர்கள், நோயாளிகள், வெயிலில் உழைப்பவர்களுக்கு அதற்கு வெகு முன்பே ஆபத்து தொடங்கிவிடும்.

2024 அக்டோபர் 6-ம் தேதி மெரினாவில் விமானப்படை சாகச நிகழ்ச்சியைப் பார்க்க வந்தவர்களில் 5 பேர் உயிரிழந்ததை சென்னை மறக்கவில்லை. வெயில், கடற்கரை ஈரப்பதம், லட்சக்கணக்கானோர் கூடிய நெரிசல் மூன்றும் சேர்ந்த நாள் அது. அன்று மாதம் மே அல்ல, அக்டோபர்.

என்ன செய்ய வேண்டும்?

* தெர்மாமீட்டர் அளவை மட்டும் பார்க்காதீர்கள். வானிலைச் செயலியில் ஈரப்பதத்தையும் பாருங்கள்.
* ஃபேன், உடலைச் சுற்றியுள்ள ஈரக் காற்றை விலக்கி வியர்வை ஆவியாக உதவும். அறை வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் ஃபேன் உடலை மேலும் சூடாக்கும் என உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது.
* தண்ணீர், மோர், இளநீர் குடியுங்கள். தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.
* வெயிலில் இருந்தவர் உளறினாலோ, மயங்கினாலோ உடனே 108-ஐ அழையுங்கள். நிழலுக்குக் கொண்டுபோய், உடலைத் தண்ணீரால் நனைத்து விசிறுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

நனைத்தால் மட்டும் போதாது, விசிறவும் வேண்டும். தண்ணீர் ஆவியாகும்போதுதான் அது உடல் சூட்டை எடுத்துக்கொண்டு போகும்.